கஸ்தூரிக்கு மூச்சு கொடுத்தவர்கள்

சென்ற மாதம் எங்கள் பழைய நர்ஸ்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நான் கடைசியாக வேலை பார்த்த அரசு மருத்துவமனையில் புதிதாகக் கட்டிய தீவிர சிகிச்சைப் பிரிவு. பன்னிரண்டு கட்டில்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு வென்டிலேட்டர். நம்பிக்கை வராமல் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எண்ணினேன். பன்னிரண்டு தான். கீழே, இப்போது அங்கே வேலையில் இருக்கிற ஒரு பெண் கேட்டிருந்தாள்: "மேடம், முன்னாடி எல்லாம் பேஷன்ட்டோட சொந்தக்காரங்களே கையால மூச்சு கொடுப்பாங்களாமே, நிஜமா?"

"நிஜம்தான்" என்று போட்டுவிட்டு போனை வைத்தேன். அந்த ஒரு வார்த்தை போதவில்லை என்று அன்று முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஸ்டெல்லா, சாந்தோம்காரி. அப்பா சர்ச் நடத்தும் பங்குப் பள்ளியில் ஆசிரியர். பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் சேர்ந்தேன். மூன்றரை வருஷப் படிப்பில் இப்போது நினைவில் இருப்பது கஞ்சி போட்ட புடவையின் சொரசொரப்பும், படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கத் தெரியாமல் வாங்கிய திட்டும்தான். பிறகு அரசு வேலை. சில வருஷம் வெளியூர், அப்புறம் சென்னை.

நடுவில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஆறு வருஷம் இங்கிலாந்தில் வேலை செய்தேன். வடக்கே, எப்போது பார்த்தாலும் மழை தூறுகிற ஒரு ஊர். அதுவும் அரசு மருத்துவமனைதான். முதல் மாதம் பிரமித்துப் போய்த்தான் சுற்றினேன். பஸ் ஓட்டுகிற ஒருவருக்கு நரம்புகள் செயலிழந்து கை, கால், மூச்சு எல்லாம் நின்றுபோயிருந்தது. பதினோரு வாரம் வென்டிலேட்டரில் இருந்தார். அந்தப் பதினோரு வாரத்தில் ஒருவர்கூட அவர் மனைவியிடம் வந்து "இன்னும் எத்தனை நாள் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்" என்று கேட்கவில்லை. கடைசியில் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். ஒரு நாடு ஒரு பஸ் டிரைவருக்காக இவ்வளவு பொறுமையாக இருக்குமா என்று அவர் போன பிறகும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த குளிர்காலத்தில் இன்னொன்றைப் பார்த்தேன். மார்கரெட் என்று ஒரு அம்மா, எண்பது வயது தாண்டியவர். மூச்சுத் திணறலோடு வந்தவருக்கு வார்டில் கட்டில் இல்லை. தாழ்வாரத்தில் சக்கரக் கட்டிலிலேயே இரவும் பகலும் கிடந்தார். கட்டில்களெல்லாம் நிறைந்திருந்தன. அதில் பாதிப் பேருக்கு நோய் குணமாகிவிட்டது, ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அனுப்ப முடியவில்லை. தினமும் காலையில் அதிகாரிகள் கூடி யாருக்குக் கட்டில் தருவது என்று முடிவு செய்வார்கள். அந்த முடிவு எங்கள் கணினிக்கு வரும். மார்கரெட்டிடம் யாரும் வந்து சொல்லவில்லை. நான் ஒவ்வொரு முறை கடந்து போகும்போதும் அவர் கால்களை மடக்கி ஒதுக்கிக்கொண்டு, "உங்கள் வழியை மறைக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்பார். நான்தான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துக் கட்டில் கிடைத்தது, பிழைத்துக்கொண்டார். ஆனாலும் அந்தக் கால் மடக்கலை என்னால் மறக்க முடியவில்லை.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகவே ஊருக்குத் திரும்பினேன். என்னைச் சென்னையில் மருத்துவத் தீவிர சிகிச்சை வார்டில் போட்டார்கள். பன்னிரண்டு கட்டில், ஐந்து வென்டிலேட்டர், அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். ஆறு வருஷம் அந்த ஊரில் இருந்துவிட்டு வந்தவளுக்கு முதல் வாரம் கோபம் கோபமாக வந்தது.

அங்கேதான் எங்கள் சீஃப், டாக்டர் மைதிலி. மயிலாப்பூர்க்காரர். ஐம்பது தாண்டியவர், ஒல்லி, கைத்தறிப் புடவையின் மேல் கசங்காத வெள்ளைக் கோட்டு. யாரையும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று ஹவுஸ் சர்ஜன்கள் சொல்வார்கள். தப்பு செய்தவரின் பக்கத்தில் வந்து நின்று, கேஸ் ஷீட்டை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே படிச்சுச் சொல்லுங்கோ" என்பார். படித்து முடிக்கும்போது படிக்கிறவருக்கே வியர்த்துவிடும்.

அவரிடம் ஒரு பழக்கம். எந்த நோயாளியானாலும், முழுதாக நினைவிழந்தவரானாலும், தொடுவதற்கு முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "முனியம்மா, நான் டாக்டர். இப்போ உங்க வயத்த அமுக்கிப் பாக்கப்போறேன்." எங்களையும் அப்படியே செய்யச் சொல்வார். கேட்காத காதில் பேசுவானேன் என்று அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் உண்டு. நானும் ஒன்றிரண்டு தடவை சிரித்திருக்கிறேன்.

கஸ்தூரி வந்தது ஒரு காலை ஒன்பது மணிக்கு. முப்பத்தைந்து வயது இருக்கும். அடையாறு ஆற்றோரம் பிறந்து வளர்ந்தவள். அங்கிருந்த வீடுகளை எடுத்தபோது ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். பின்பக்கம் சதுப்பு நிலம். தரமணியில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை. கணவன் சேகர் ஆட்டோ ஓட்டுபவன். விடியற்காலையில் வயிற்று வலி என்றாளாம், வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறான். அப்புறம் பேச்சுக் குழறவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

சீஃப் அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். இமைகள் இரண்டும் தூக்கம் வந்தவளுக்கு மாதிரி சரிந்து கிடந்தன.

"நேத்து எங்க படுத்திருந்தா?"

"கீழ தான் மேடம், தரையில. புழுக்கமா கீதுன்னு பாய் கூட போடல."

"கட்டுவிரியன்" என்றார் சீஃப். "கடிச்சது தெரியாது, தடமும் இருக்காது." விஷமுறிவு மருந்தை ஏற்றச் சொன்னார். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே மூச்சு மேலோட்டமாகிக்கொண்டு வந்தது. தொண்டைக்குள் குழாய் போட்டோம். வென்டிலேட்டர் எதுவும் காலியில்லை. குழாயின் முனையில் ஆம்பு பையை மாட்டினோம்.

ஆம்பு பை ஒரு சின்னப் பப்பாளி அளவு இருக்கும். அமுக்கினால் காற்று நோயாளியின் நெஞ்சுக்குள் போகும், விட்டால் தானாக உப்பிக்கொள்ளும். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை அமுக்க வேண்டும். முழுக்க நசுக்கக் கூடாது. நெஞ்சு லேசாக ஏறுகிறதா என்று கண் அங்கேயே இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். கால் மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். அதை நிறுத்தாமல், இரவும் பகலும், எத்தனை நாளானாலும் செய்ய வேண்டும். எங்களிடம் ஒரு ஷிஃப்டுக்கு மூன்று நர்ஸ்கள்.

நான் வெளியே போய் சேகரிடம் சொன்னேன். அவன் யாருக்கோ போன் போட்டான். ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் குடியிருப்பிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். பழைய ஆற்றோரத் தெருவில் ஒன்றாக இருந்தவர்கள். மீன் விற்கும் தேவகி அக்கா என்று ஐம்பது வயதுக்காரி ஒருவர் முன்னால் வந்து, "இன்னா செய்யணும், சொல்லு சிஸ்டர். நாங்க இருவது பேரு கீறோம்" என்றார்.

ஒவ்வொருவராகக் கை கழுவ வைத்து, தொப்பியும் முகமூடியும் மாட்டி, சொல்லிக் கொடுத்தேன். "ஒண்ணுன்னு அமுக்கணும். ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு எண்ணற வரைக்கும் விட்டுடணும்." சீஃப் வந்து இன்னொன்றையும் சேர்த்தார். கை மாறுகிற ஒவ்வொருவரும் முதலில் அவளிடம் தன் பெயரைச் சொல்ல வேண்டும். "அவ தூங்கலை. உடம்பு மட்டும்தான் ஓஞ்சு போயிருக்கு. எல்லாம் கேட்டுண்டிருக்கா."

அவர்கள் அதை எங்களைவிட உடனே நம்பினார்கள். "கஸ்தூரி, நான் தேவகி வந்துக்கீறேன்டி. இனிமே என் கை." தலைக்குக் கால் மணி நேரம். வெளியே மரத்தடியில் தேவகி அக்கா ஒரு நோட்டில் வரிசை எழுதி வைத்திருந்தார். யார் எப்போது, யார் சாப்பிடப் போகிறார்கள், யார் தூங்குகிறார்கள் எல்லாம் அதில் இருந்தது. எங்கள் டூட்டி ரோஸ்டர் ஒருநாளும் அவ்வளவு சீராக இருந்ததில்லை.

இரண்டாம் நாள் காலை, ஒரு பட்ட மேற்படிப்பு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கண் பாப்பா ரெண்டும் விரிஞ்சிடுச்சு சிஸ்டர். வெளிச்சத்துக்கு அசையவே இல்ல. மூளை போயிருக்கும். இவங்ககிட்ட யார் சொல்றது?" மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்.

சீஃப் காதுக்கு அது போனது. வந்தார். திட்டவில்லை. "இந்த விஷத்துல கண்ணும் ஓஞ்சுபோகும். கண்ணை வச்சு எதையும் சொல்லப்படாது" என்றார். பிறகு கஸ்தூரியின் கால்மாட்டில் போர்வையை விலக்கி, காதருகே குனிந்தார்.

"கஸ்தூரி, நான் டாக்டர். நான் பேசறது கேட்டா, கால் கட்டைவிரலை அசைம்மா. கொஞ்சம் போதும்."

நாங்கள் ஐந்து பேர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பை மட்டும் ஏறி இறங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. சீஃப் அவசரப்படவில்லை, அப்படியே குனிந்தபடி நின்றார். பிறகு இடது கால் கட்டைவிரல் அசைந்தது. நெல் முனை அளவு. காற்றில் ஆடியதோ என்று நினைக்கும்படி. "இன்னொரு தடவை" என்றார். மறுபடி அசைந்தது.

பை அமுக்கிக்கொண்டிருந்த சேகர் எண்ணுவதை விடவில்லை. கண்ணீர் முகமூடிக்குள் வழிய, "ரெண்டு, மூணு, நாலு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த மேற்படிப்பு டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷ வேலையில், அசையாத ஒரு முகத்துக்குப் பின்னால் ஒரு ஆள் முழுதாக உட்கார்ந்திருப்பதை அன்றுதான் என் கண்ணால் பார்த்தேன்.

அன்று மதியம் ஒரு வென்டிலேட்டர் காலியானது. சேகருக்கு அது எப்படியோ தெரிந்து, வெளியே எல்லோர் முகத்திலும் வெளிச்சம். ஆனால் பக்கத்துக் கட்டிலில் பிஜய் இருந்தான். ஒடிசாவிலிருந்து தரமணியில் கட்டட வேலைக்கு வந்தவன், இருபத்திரண்டு வயது. காலில் தொடங்கிய நரம்புச் செயலிழப்பு மேலேறி நெஞ்சுக்கு வந்துவிட்டது. நான் வெளிநாட்டில் பார்த்த அந்த பஸ் டிரைவருக்கு வந்த அதே நோய். மேஸ்திரி கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. காலையிலிருந்து ஹவுஸ் சர்ஜன்களும் நாங்களும் மாறி மாறி அவனுக்குப் பை அமுக்கிக்கொண்டிருந்தோம்.

சீஃப் ஐந்து நிமிஷம் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்து, "அவங்க ஆள்ல நாலு பேரைக் கூப்பிடுங்கோ ஸ்டெல்லா. கட்டில் பக்கத்துக்கே" என்றார்.

"வெளியில வச்சு சொல்லிடலாமே மேடம்."

"இல்ல. அவளுக்கும் தெரியணும்."

சேகரும் தேவகி அக்காவும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். சீஃப் முதலில் கஸ்தூரியின் தோளில் கை வைத்தார்.

"கஸ்தூரி, ஒரு மிஷின் வந்திருக்கு. அதைப் பக்கத்துல இருக்கற பையனுக்குப் போடப்போறேன். உன் விஷம் நாலஞ்சு நாள்ல இறங்கிடும். அவனுக்கு வாரக்கணக்குல ஆகும். கையால அத்தனை நாள் முடியாது. உன்னைச் சம்மதம் கேக்கலை. அந்தப் பாரத்தை உன் மேல போட மாட்டேன். நான் எடுத்த முடிவு. சொல்லணும்னு சொல்றேன்."

சேகர் கொதித்துவிட்டான். "இன்னா மேடம் இது? எங்களுக்கு ஆளு கீதுன்றதுக்காக மிஷினு இல்லியா? அப்போ நாங்க யாரும் வராம இருந்திருந்தா குடுத்திருப்பீங்களா?"

"ஆமாம்" என்றார் சீஃப். "குடுத்திருப்பேன்."

அவர் சாக்கு எதுவும் சொல்லவில்லை. கண்ணையும் தாழ்த்தவில்லை. "நீங்க கோவப்படறது நியாயம். ரெண்டு பேருக்கும் ரெண்டு மிஷின் இருக்கணும். இல்ல. அது உங்க தப்பு இல்ல, அவனோட தப்பும் இல்ல."

எனக்கு மார்கரெட்டின் தாழ்வாரம் நினைவுக்கு வந்தது. போதாமை அங்கும் இருந்தது, இங்கும் இருக்கிறது. எல்லா ஊரிலும் யாரோ ஒருவர் யாருக்கு முதலில் என்று தீர்மானித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் தீர்மானித்தவர் வந்து, பாதிக்கப்பட்டவரின் முன்னால் நின்று, தன் வாயால் சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன்.

தேவகி அக்கா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். பிஜய்யின் கண்கள் திறந்திருந்தன. தமிழ் தெரியாதவன், எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வுடு சேகரு" என்றார் தேவகி அக்கா. "அவனுக்கு அம்மா எங்க கீதோ. நம்ம வரிசைய கொஞ்சம் சேத்துப் போட்டுக்கலாம்."

சேகர் கோபம் குறையாமலேயே போய்த் தன் முறைக்குப் பையை வாங்கிக்கொண்டான். ஆனால் அமுக்கும் கை முரட்டுத்தனமாக ஆகவில்லை. அதை நான் கவனித்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகல், வரிசையில் இல்லாத ஒருவர் கதவருகே வந்து நின்றார். நாற்பது வயது, சட்டையில் கிரீஸ் கறை. தேவகி அக்கா அவரைப் பார்த்ததும் தன் முறையை விட்டுக்கொடுத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ அண்ணன், குமாரு. அடையாறுல பஞ்சர் கடை வச்சிக்கீறான். அம்மா பேருல வந்த வீடு இவளுக்குப் போச்சுன்னு அஞ்சு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல" என்றார்.

குமார் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கறை போகவில்லை. கையுறை கொடுத்தேன்.

"பேரு சொல்லணும்" என்றேன்.

"வேணாம் சிஸ்டர். நான்னு தெரிஞ்சா கோவம் வந்துரும் அவளுக்கு. இந்த நெலமயில கோவம் வரக் கூடாது."

சீஃப் போட்ட விதியை நான் மீறியது அந்த ஒரு தடவைதான். அவர் கால் மணி நேரம் அமுக்கினார். எண்ணவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நெஞ்சு ஏறுவதை மட்டும் பார்த்தார். முடிந்ததும் பையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் கஸ்தூரியின் இமை ஒன்று கோடு போலத் திறந்தது. அன்றே புருவம் சுருங்கியது. மறுநாள் தானாக மூச்சு இழுக்க ஆரம்பித்தாள். அதற்கு மறுநாள் குழாயை எடுத்தோம். பிஜய் அதற்கப்புறம் இரண்டு மாதம் அந்த மிஷினில் இருந்து, பிசியோதெரபிக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகி, ஊருக்கு ரயில் ஏறினான்.

குரல் வந்த முதல் நாள் கஸ்தூரி என்னிடம் நிறையப் பேசினாள். தொண்டை கரகரத்தது, நிறுத்தச் சொன்னாலும் கேட்கவில்லை. எல்லாம் காதில் விழுந்திருந்தது. மூளை போயிற்று என்று டாக்டர் சொன்னது உட்பட. "கத்தணும் போல இருந்துச்சு சிஸ்டர். எங்க கத்தறது? அப்புறம் மேடம் கால அசைன்னாங்க. மொத்த உசுரையும் அங்க கொண்டும்போய் தள்ளினேன்."

மிஷின் விஷயத்தை நானே கேட்டேன்.

"பொய் சொல்ல மாட்டேன் சிஸ்டர். அந்தப் பையன் செத்துப் போனா எனக்கு வரும்னு நெனச்சேன். ஒரு நாள் பூரா அதான் நெனச்சிக்கினு இருந்தேன். அப்புறம் அவன் மிஷினு சத்தமும் என் பை சத்தமும் ஒண்ணா கேக்கும். அவனுது நின்னா எனக்கு திக்குனு ஆவும். எப்போ மாறுச்சுன்னு தெரியல."

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்: "பேரு சொல்லாம ஒருத்தர் அமுக்குனாங்களே, எங்க அண்ணன் தானே?"

நான் திகைத்துப்போனேன். "யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அழுதுக்கினே அமுக்குனான். சத்தம் வரல. ஆனா கை நடுங்குச்சா, மூச்சு துண்டு துண்டா உள்ள வந்துச்சு. சின்ன வயசுல நைனாகிட்ட அடி வாங்கினா அவன் அப்டித்தான், சத்தமில்லாம குலுங்குவான். அந்தக் குலுக்கம் அப்டியே என் நெஞ்சுக்குள்ள வந்துச்சு சிஸ்டர்."

நான் இதைச் சீஃபிடம் போய்ச் சொன்னேன். விதியை மீறியதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு மேலிடத்துக்கு வென்டிலேட்டர் கேட்டு எழுதும் கடிதத்தை எடுத்தார். அது எத்தனையாவது கடிதமோ. "மனசு நிறைஞ்சு போச்சு ஸ்டெல்லா. அதுக்காக இதை எழுதாம விட்டுடப்படாது" என்றார். நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த மிஷின்கள் வந்தன.

சேகரிடம் நம்பர் வாங்கி நானே குமாருக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை வந்தார். சட்டை புதிதாக இருந்தது. கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றார். தங்கை அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாண்ணா, இப்டி எளச்சிட்ட. சாப்டியா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

கஸ்தூரிக்கென்று தேவகி அக்கா இட்லி கொண்டுவந்து வைத்திருந்தார். அந்த டப்பாவை அண்ணன் பக்கம் தள்ளினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, நின்றபடியே, கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். எங்கள் வார்டுக்குள் வெளியாட்கள் எதுவும் சாப்பிடக் கூடாது. நான் திரும்பி நின்று, அடுத்த கட்டிலில் குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை.